திருவையாறு – சுவாமிமலை ஆத்தங்கரை நடை: கபிஸ்தலத்தோட விட்டுட்டோம், மிச்சத்த என்ன பண்றது?

ஆத்தங்கரை நடை:

எல்லாருக்கும் வணக்கம். நானும் என் ஸ்கூல் கூட்டாளியும் போன வருஷத்துலேர்ந்து ஒண்ணு பண்ணிட்டு இருக்கோம், கல்லணைலேர்ந்து பூம்புகார் வரைக்கும் காவேரி கரையோடவே நடக்கறது, ஒரே மூச்சுல இல்ல, அவன் சவுதிலேர்ந்து லீவுக்கு வரும்போது ஒரு நாள் ரெண்டு நாள், விடியகால கெளம்பி எவ்ளோ முடியுதோ நடந்துட்டு சாயங்காலம் பஸ் புடிச்சு வீட்டுக்கு வந்துர்றது. கல்லணை – திருக்காட்டுப்பள்ளி, அங்கேர்ந்து திருவையாறு, ரெண்டும் போன லீவுல முடிச்சாச்சு. இந்த தடவ திருவையாறு – சுவாமிமலைன்னு வெச்சுக்கிட்டோம்.

ஆராதனை முடிஞ்சு பந்தல் பிரிச்சிட்டு இருந்த நேரம். தியாகராஜர் சமாதிக்கு முன்னாடி படித்துறைல காலை நனைச்சிட்டு கெளம்பும்போது மணி 5.45, தைப்பனி தரையைத் துளைக்கும்னு சொல்றது சும்மா இல்ல, எதிர்கரை தெரியல. திருப்பழனம் தாண்டற வரைக்கும் ரெண்டு பேரும் அவ்வளவா பேசிக்கல. அங்கேர்ந்து திங்களூர் கிட்டக்கதான், உள்ள போயிட்டு வந்தோம், அதுல நேரம் போச்சு ஆனா எனக்கு வருத்தமே இல்ல. வெயில் ஏறுனப்பறம் ஒரு பக்கம் ஆறு, ஒரு பக்கம் சம்பா கதிர் சாஞ்சு நிக்குது, மெஷின் எறங்கி அறுத்துட்டு இருக்கு, அது பின்னாடியே கொக்கு கூட்டம். ஆத்துல தண்ணி பாதி அகலத்துக்குத்தான், நடுவுல மணல் திட்டு, அதுல நாணல் பூத்து வெள்ளையா நிக்குது. இந்த ரோட்டுல ஆயிரம் தடவ பஸ்ல போயிருக்கேன், இத ஒரு தடவ கூட பாத்ததில்லைங்க.

கரை முழுசா நடக்கற மாதிரி இல்ல. சில எடத்துல வண்டி போற அகலம், சில எடத்துல சீமைக்கருவேலம் மூடிக்கிட்டு ஆள் நுழைய முடியல, சில எடத்துல வாழத்தோட்டம் கரை ஓரம் வரைக்கும் வந்துருச்சு. ஏழு தடவ ரோட்டுக்கு ஏறி எறங்கினோம்.

இப்ப விஷயத்துக்கு வர்றேன். அவன் புது ஷூ போட்டுட்டு வந்தான், அங்க வாங்குனது, நல்ல ஷூதான். கணபதி அக்ரஹாரத்துக்கு அப்பறம் பின்தங்க ஆரம்பிச்சான். நான் முன்னாடி போயி நின்னு நின்னு திரும்பிப் பாத்துட்டு இருந்தேன், அவன் பக்கத்துல வந்த உடனே மறுபடி நடக்க ஆரம்பிச்சுருவேன், அதாவது எனக்குத்தான் ரெஸ்ட், அவனுக்கு ஒரு நிமிஷம் கூட இல்ல, இத நான் வீட்டுக்கு வந்தப்பறம்தான் யோசிச்சேன். ரெண்டே முக்கா மணி வாக்குல கபிஸ்தலம், போன் 24 கிலோமீட்டர் காட்டுச்சு. படித்துறைல ஒக்காந்து ஷூவ கழட்டுனான், குதிகால்ல சாக்ஸ் ஒட்டிக்கிட்டு ரத்தம். அப்ப நான் சொன்னேன், "இன்னும் எட்டு கிலோமீட்டர்தான்டா". அவன் "நீ போ மாப்ள, நான் பஸ்ல வந்து சுவாமிமலைல நிக்கறேன்" அப்டின்னான். ஒரு அர நிமிஷம் நான் போலாமான்னு யோசிச்சேன். அப்பறம் ரெண்டு பேரும் பஸ் ஏறிட்டோம்.

நாலு நாள்ல அவனுக்கு ப்ளைட்டு, அதுக்குள்ள கால் ஆறாது. அந்த 8 கிலோமீட்டர நான் மட்டும் போயி நடந்து முடிச்சிட்டு அடுத்தது சுவாமிமலைலேர்ந்து தொடரலாமா, இல்ல அத விட்டுட்டு நேரா கெழக்க போலாமா? நடக்கறவங்க சொல்லுங்க. ராத்திரி தூக்கம் வரல இத நெனச்சு.

வடகரை விவசாயி:

தம்பி மொதல்ல ஒண்ணு சொல்லிர்றேன், தை மாசம் நடந்தது நல்ல முடிவு. மேட்டூர் ஜூன் 12 தொறந்து ஜனவரி 28 மூடறதுதான் கணக்கு, தண்ணி இருந்தா அப்டி, இல்லாத வருஷம் முன்னபின்ன ஆகும். ஐப்பசி கார்த்திகைல கரைல கால வெச்சீங்கன்னா வண்டல் மண்ணு வழுக்கிட்டு நேரா ஆத்துல கொண்டு போயி விட்டுரும். மாசிக்கப்பறம் பகல்ல நடக்கறது ஒடம்புக்கு ஆகாது, நெழலுன்னு இருந்த இலுப்பையும் புங்கனும் பல எடத்துல இப்ப இல்ல.

ஆனா அறுப்பு சமயத்துல ஒரு ஆபத்து இருக்கு, மெஷின் எறங்குனா வயல்ல இருக்கற எலி பூராவும் கரைக்கு ஏறும், அது பின்னாடியே பாம்பும் ஏறும். கண்ணாடிவிரியன் வைக்கோலுக்கு நடுவுல கெடந்தா கண்ணுக்கே தெரியாது. கைல ஒரு கம்பு வேணும், தட்டிக்கிட்டே போங்க, விடியறதுக்கு முன்னாடி டார்ச் இல்லாம அடி வெக்காதீங்க. கடிச்சிருச்சுன்னா கட்டறது கீறறது ஒண்ணும் வேண்டாம், கடிபட்டவர நடக்க விடாம 108 கூப்புடுங்க, பெரியாஸ்பத்திரிக்குத்தான் போகணும்.

அப்பறம் ஆத்துக்குள்ள எறங்கி மணல்ல நடந்தா சுருக்கு வழின்னு தோணும், செய்யாதீங்க. மேல சமமா இருக்கும், அள்ளுன குழில தண்ணி நின்னு சேறு மூடியிருக்கும். மேல ஷட்டர் தூக்குனாங்கன்னா சத்தமில்லாம தண்ணி வரும்.

ரோட்டுல நெல்லு காயப்போட்டிருந்தா சுத்திப் போங்க, அது ஆறு மாச ஒழைப்பு. நீங்க கேட்ட கேள்விக்கு எனக்கு பதில் தெரியல, நான் தெனம் கரைல நடக்கறவன், எங்கேர்ந்து எங்கன்னு அளந்து பாத்ததில்ல.

வேளாங்கண்ணி பாதயாத்திரை:

நான் 19 வருஷமா மாதா கோயிலுக்கு நடக்கறேன், ஆகஸ்ட் 29 கொடியேத்தத்துக்கு போயி சேர்ற மாதிரி, சில வருஷம் செப்டம்பர் 8 திருநாளுக்கு. திருச்சிலேர்ந்து தஞ்சாவூர் வழியா. அந்த அனுபவத்துல சொல்றேன் அண்ணே, கோச்சுக்காதீங்க.

எங்க கூட்டத்துல மெதுவா நடக்கறவங்கதான் முன்னாடி. அதுல விட்டுக்குடுக்கறதே கெடையாது. வேகமா நடக்கறவன் முன்னாடி போனா பின்னாடி வர்றவன் அவன் முதுகையே பாத்துக்கிட்டு தன்னோட சக்திக்கு மேல இழுத்துக்கிட்டு நடப்பான், வலிக்குதுன்னு வாய தொறக்க மாட்டான், ஒங்க கூட்டாளி பண்ணது அதான். அவரு முன்னாடி போயிருந்தா கணபதி அக்ரஹாரத்துலயே நடை மாறுனது ஒங்க கண்ணுக்கு தெரிஞ்சிருக்கும், அங்கயே ஒக்கார வெச்சு கால பாத்திருப்பீங்க.

புது ஷூ போட்டு தூரம் நடக்கவே கூடாது, கொறஞ்சது ஒரு மாசம் போட்டு பழகணும். கால் விரல் இடுக்குல, குதிகால்ல ராத்திரியே விளக்கெண்ணெ தடவிட்டு படுங்க. மத்தியானம் ஒரு தடவ சாக்ஸ் மாத்தணும், ஈர சாக்ஸுதான் கொப்புளத்துக்கு காரணம். சூடு மாதிரி ஒரு எடத்துல தெரிஞ்ச ஒடனே, கொப்புளம் வர்றதுக்கு முன்னாடியே, பிளாஸ்திரி போட்டுரணும், வந்தப்பறம் போட்டு பிரயோஜனம் இல்ல. வந்துட்டா தோல பிய்க்காதீங்க, சக்கர இருக்கறவங்களா இருந்தா அன்னிக்கே டாக்டர்ட்ட காட்டணும்.

மிச்ச தூரம் விஷயத்துல எங்க வழக்கம் இதான், ராத்திரி எங்க தங்குறோமோ அங்க ஒரு கல்ல வெப்போம், யாராச்சும் ஒடம்புக்கு முடியாம வண்டில ஏறுனாலும் மறுநாள் திரும்ப அந்த கல்லுக்கு வந்துதான் தொடங்கணும். நடந்தே வர்றேன்னு நேந்துக்கிட்டது நடந்தேதான் முடியணும். அதனால என் பதில், போங்க, கபிஸ்தலம் படித்துறைலேர்ந்தே தொடங்குங்க.

தூரம் பாக்காதவன்:

எனக்கு இந்த கல்லு வெக்கற கணக்கு புரியல. ஏழு தடவ ரோட்டுக்கு ஏறி எறங்கினேன்னு நீங்களே சொல்றீங்க, அப்ப கரையோட நடந்தது அங்கயே ஏழு எடத்துல விட்டுப்போச்சே, அதுக்கு ஒங்களுக்கு தூக்கம் கெடல, பஸ்ல போன எட்டுக்கு மட்டும் ஏன் கெடணும்? நேந்துக்கிட்டது வேற, இது வேற. நான் சொல்றது சுவாமிமலைலேர்ந்து தொடருங்க.

ஆத்தங்கரை நடை:

@வேளாங்கண்ணி பாதயாத்திரை, கோவமே இல்லைங்க, அந்த முன்னாடி பின்னாடி விஷயம் படிச்சப்ப நெஞ்சுல குத்துன மாதிரி இருந்துச்சு. அவனுக்கு சக்கர இல்ல. டாக்டர்ட்ட காட்டியாச்சு.

@தூரம் பாக்காதவன், அந்த ஏழு எடத்துலயும் வழி இல்லாம ஏறுனோம், ரெண்டு பேரும் சேந்து ஏறுனோம். இது அப்டி இல்லன்னு தோணுது. சரியா சொல்லத் தெரியல.

கும்மோணம் அக்கா:

தம்பி நானும் என் தோழியும் ரெண்டு வருஷமா இந்த கரைல மாசம் ஒரு தடவ நடக்கறோம், அம்பது வயசுக்கு மேல ரெண்டு பேருக்கும். ஆம்பளைங்க எழுதறப்ப வராத ஒண்ண சொல்றேன். எங்களுக்கு தூரத்த முடிவு பண்றது கிலோமீட்டர் இல்ல, ஒதுங்கறதுக்கு எடம். பெரும்பாலும் கோயில் இல்லன்னா தெரிஞ்சவங்க வீடு. கோயில் பன்னெண்டு மணிக்கு சாத்துனா நாலு மணிக்குத்தான் தொறப்பாங்க, அந்த நாலு மணி நேரம் வெயிலும் அதிகம், எடமும் கெடையாது. அதனால நாங்க அஞ்சரைக்கு கெளம்பி பதினொன்றரைக்கு நிறுத்திருவோம், 15 கிலோமீட்டர் வந்தா போதும். பாதில பஸ் ரோடு கிட்டக்க இருக்கணும். இத வெச்சுத்தான் எங்க ஆரம்பிக்கறது எங்க முடிக்கறதுன்னு பாப்போம். 32 கிலோமீட்டர ஒரே நாள்ல வெச்சதே தப்புன்னு நான் நெனக்கறேன், ஷூ மேல மட்டும் பழி போடாதீங்க.

திங்களூருக்கு போனேன்னு எழுதியிருந்தீங்க, எனக்கு ரொம்ப சந்தோஷம், முக்காவாசி பேரு அத சந்திரன் கோயிலுன்னு மட்டும்தான் பாத்துட்டு வர்றாங்க. அது அப்பூதியடிகள் ஊர். நேர்ல பாத்தே இல்லாத திருநாவுக்கரசர் பேர்ல தண்ணிப்பந்தல் வெச்சாரு, சாலை வெச்சாரு, பெத்த புள்ளைக்கு அந்த பேர வெச்சாரு. நடந்து வர்றவன் யாருன்னே தெரியாம அவனுக்காக வழியெல்லாம் தண்ணி வெச்ச ஊர். இப்ப அதே ரோட்டுல நானும் என் தோழியும் ஒரு வீட்டு வாசல்ல தண்ணி கேட்டா, மோரா குடுத்து உள்ள வந்து ஒக்காருங்கன்னு சொல்றாங்க. அது இன்னும் போகல.

அந்த அர நிமிஷத்தப் பத்தி எழுதுனீங்களே, எழுதாம விட்டிருக்கலாம், எழுதியிருக்கீங்க. அவருகிட்ட நேர்ல சொன்னீங்களா?

தமிழ் வாத்தியார்:

இந்த இழையப் படிச்சிட்டு ராத்திரி சிலப்பதிகாரத்த எடுத்து நாடுகாண் காதைய மறுபடி பாத்தேன். ஏன்னா நீங்க நடக்கற வழியில உங்களுக்கு எதிர்த்திசைல நடந்தவங்க கோவலனும் கண்ணகியும், புகார்லேர்ந்து மேற்க, காவேரி வடகரையோடவே. கொஞ்ச தூரம் போன உடனேயே கண்ணகிக்கு இடுப்பு நோகுது, மூச்சு வாங்குது, மதுரை எங்க இருக்குன்னு கேக்கறா. கோவலன் சிரிச்சிக்கிட்டே, ஆறைங்காதம், பக்கத்துலதான்னு சொல்றான். காதம்ங்கறது அந்தக் காலத்து தூரக் கணக்கு, உரைகாரங்க அத ஆறு அஞ்சு முப்பது காதம்னு விரிப்பாங்க. வலியோட இருக்கறவகிட்ட வழி கொறைச்சலுன்னு சொல்ற அந்த சொல்லும் "இன்னும் எட்டு கிலோமீட்டர்தான்டா"வும் ஒண்ணுதான் தம்பி. நான் குத்தமா சொல்லல, சொல்றவன் அன்பாத்தான் சொல்றான், கேக்கறவ காலுக்குத்தான் அது எட்டறதில்ல.

அப்பறம் கவுந்தியடிகள்னு ஒரு சமணப் பெண் துறவி கூட சேர்றாங்க, அவங்க வழி சொல்றத கவனிங்க. சோலை வழியா போனா உதுந்த பூ குழிய மூடியிருக்கும், பாக்காம கால வெச்சுருவீங்க. வயல் வழியா போனா வரப்புல கெடக்கற நண்டும் நத்தையும் காலடில நசுங்கும், அது தாங்க முடியாத பாவம். வேற வழி இல்ல, அதனால பாத்துப் போகணும். வடகரை விவசாயி எழுதுன மணல் குழியையும் காயற நெல்லையும் படிச்சப்ப எனக்கு இதுதான் ஞாபகம் வந்துச்சு. மூணு பேரு மூணு நடை, ஆனா ஸ்ரீரங்கம் வரைக்கும் ஒண்ணா போயி ஒரே ஓடத்துல ஆத்தத் தாண்டி தென்கரைக்கு போறாங்க.

சுவாமிமலைக்காரன்:

அந்த எட்டு கிலோமீட்டர்ல என்ன இருக்குன்னு யாரும் சொல்லலையே, நான் சொல்றேன். கபிஸ்தலத்துக்கு பக்கத்துலயே உமையாள்புரம், மிருதங்கத்தால ஒலகம் பூரா பேர் தெரிஞ்ச ஊர். அப்பறம் கொடிக்கால் வரும், அகத்தி நெழல்ல வெத்தல, வெளில வெயில் கொளுத்துனாலும் உள்ள ஜில்லுன்னு இருக்கும், கேட்டுட்டு உள்ள போங்க, கொடிக்காலுக்குள்ள செருப்போட போகக் கூடாது.

எங்க ஊர்ல ஸ்தபதிங்க சாமி வார்க்கறதுக்கு இந்த காவேரி வண்டல்தான் ஆதாரம். தேன்மெழுகும் குங்கிலியமும் சேத்து சிலைய மொதல்ல மெழுகுல புடிப்பாங்க, அதுக்கு மேல வண்டல கொழச்சு பூசுவாங்க, அது மாவு மாதிரி இருக்கறதால மெழுகுல இருக்கற நகக்கோடு கூட அதுல பதியும். காய வெச்சு சூடு பண்ணுனா மெழுகு உருகி ஓடிரும், அந்த வெத்தெடத்துல ஒலோகத்த ஊத்துவாங்க. அப்பறம் மண்ண ஒடச்சாத்தான் சாமிய வெளில எடுக்க முடியும், அதனால ஒரு அச்சுல ஒரு சாமிதான். நீங்க ஷூல ஒட்டிக்கிட்டு வந்தீங்களே அந்த சேறு, அதுதாங்க இது. பஸ்ல வந்தா இது கண்ணுல படாது, கரை வழியா வந்தா எங்கேர்ந்து எடுக்கறாங்கன்னே பாக்கலாம்.

மலைக்கு 60 படி, தமிழ் வருஷம் 60க்கும் ஒவ்வொண்ணு. நடந்து வந்த காலோட ஏறுங்க, உங்க கூட்டாளியும் ஏறணும், அதான் என் ஆச. அதனால இது ரெண்டு பேரும் சேந்து நடக்க வேண்டியது, ஒருத்தர் மட்டும் வந்து முடிக்காதீங்க.

மாயவரம்:

நான் கடைசில வர்றேன், ஆறும் எங்க ஊருக்கு கடைசிலதான் வருது. துலாக்கட்டம் தெரியும்ல, எங்க ஊர் காவேரி படித்துறை, ஐப்பசி பூரா முழுக்கு, மாசக் கடைசி நாள் கடைமுகம், அன்னிக்கு கூட்டம் சொல்லி மாளாது. நடக்க முடியாத ஒருத்தரு கடைமுகத்துக்கு வரணும்னு தூரத்துலேர்ந்து கெளம்பி, வந்து சேர்றதுக்குள்ள ஐப்பசி முடிஞ்சிருச்சாம். அவரு அழுததுக்கு எறங்கி, கார்த்திகை ஒண்ணாந்தேதி முழுகுனாலும் அதே பலன்னு சாமி குடுத்ததா ஐதீகம். இன்னிக்கும் எங்க ஊர்ல கார்த்திகை ஒண்ணு முடவன் முழுக்குதான், அவருக்காக ஒரு நாள் தள்ளிக் குடுத்த ஆறு இது. கால் நொந்து பின்னாடி வர்றவனுக்கு இந்த ஆத்துல எடம் உண்டுங்க. அவரு வர்ற வரைக்கும் அந்த எட்டு கிலோமீட்டர் அங்கயேதான் இருக்கும்.

குதிகால்:

இழைல வர்ற கூட்டாளி நான்தான். கணக்கு ஆரம்பிச்சு எழுதற மொத பதிவு இது, தப்பிருந்தா பொறுத்துக்கங்க.

ஷூ கடிக்குதுன்னு திருப்பழனத்துலயே தெரியும். சொல்லல. ஒரு வருஷம் ரூம்ல ஒக்காந்து மேப்ப பாத்து பாத்து வெச்ச நடை இது, என்னால நின்னுற கூடாதுன்னு நெனச்சேன். அவன் முகத்த பாத்து சொல்லாம விட்டேன்னு யாரும் நெனக்காதீங்க, அவன் முகம் ஒண்ணும் பெருசா மாறல, எனக்கே சொல்ல மனசில்ல. அந்த அர நிமிஷத்தப் பத்தி நேத்து ராத்திரி வீட்டு வாசல்ல ஒக்காந்து சொன்னான். நீ போயிருந்தா நான் சந்தோஷப்பட்டிருப்பேன்டான்னு சொன்னேன், அது நெசம், ஆனா நீ ஏறுன பஸ்ல பக்கத்து சீட்டுல ஒக்காந்து வந்தது அதுக்கும் மேல, அதையும் சொன்னேன்.

எனக்கு அடுத்த லீவு அடுத்த வருஷம் ஆடில. வெயில் இருக்கும், ஆனா ஆறு நெறஞ்சு போகும், பதினெட்டாம் பெருக்கு சமயம். அந்த எட்ட எனக்காக விட்டு வெக்கச் சொல்லி நான் கேக்க மாட்டேன். அவன் விட்டு வெச்சா நடப்பேன். இந்த தடவ நான் முன்னாடி.

கும்மோணம் அக்கா:

தம்பி ரெண்டு பேரும் ஆடில வாங்க, கட்டுச்சாதம் என் பொறுப்பு. அந்த ஷூவ அங்கேயே தெனம் போட்டு பழகிட்டு வாங்க.

ஆத்தங்கரை நடை:

நேத்து அவன திருச்சி ஏர்போர்ட்ல விட்டுட்டு வந்தேன். செருப்போடதான் போனான், ஷூ கைப்பைல.

அந்த எட்ட தொடல, விட்டு வெச்சாச்சு. கபிஸ்தலம் படித்துறைல எந்த படில ஒக்காந்தான்னு எனக்கு நல்லா தெரியும், மேலேர்ந்து நாலாவது, ஆல மரத்து பக்கம். @வேளாங்கண்ணி பாதயாத்திரை, போற வழில பஸ்ஸ விட்டு எறங்கி அங்க ஒரு கல்லு வெச்சிட்டு வந்தேன்.

அது வரைக்கும் சும்மா ஒக்கார முடியாது, மாசி பொறந்துருச்சு, வெயில் ஏறுறதுக்குள்ள கெழக்க கொஞ்சம் நடக்கணும். வர்ற ஞாயித்துக்கிழம சுவாமிமலைலேர்ந்து கும்மோணம் சக்கரப் படித்துறை வரைக்கும், முடிஞ்சா திருபுவனம். பதினொன்றரைக்கு நிறுத்திருவேன் அக்கா. யாராச்சும் வர்றீங்களா?

தூரம் பாக்காதவன்:

நான் வர்றேன். எந்த பஸ்?

ஆத்தங்கரை நடை:

தஞ்சாவூர்லேர்ந்து மொத பஸ். நீங்க முன்னாடி நடங்க.